கலைச்சொல் வேண்டும்: ரேடாரை ஒட்டுக்கேட்கும் கருவிக்கு

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் ஓர் அத்தியாயத்தை மொழிபெயர்த்து அனுப்பியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் ரேடார் விஷயத்தில் எப்படிப் பின்தங்கின என்பது பொருள். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் படகுகளில் பேசப்படும் கருவிகள் இரண்டு வகை. ஒன்று ரேடார், தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு இலக்கை அறிவது. மற்றது, எதிரி விமானத்தின் ரேடார் அலை நம்மேல் படுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பது, அவ்வளவுதான். 1942 ஆகஸ்டில் வந்த மெட்டாக்ஸ் இரண்டாம் வகை. நான் 'ரேடார் கண்டுபிடிப்பான்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் அதை 'ரேடார்' என்று சுருக்கிவிட்டார். படிப்பவருக்கு அத்தியாயமே தலைகீழாகிவிடும்.

ஜெர்மானியர் 'ஃபுங்க்மெஸ்', அதாவது வானொலி அலையால் அளத்தல், என்ற ஒரே அடிச்சொல்லை வைத்துக்கொண்டு, முதல் வகைக்கு 'ஓர்ட்டுங்', அதாவது இடமறிதல் என்றும், இரண்டாவதற்கு 'பெயோபாஹ்டுங்', அதாவது கவனித்தல் என்றும் பிரித்துவிட்டார்கள். நமக்கும் அப்படி ஓர் இணை கிடைக்குமா?

— செ.

*

செ. அம்மா,

முதலில் 'ரேடார்' என்பதையே விடுங்கள். 'கதிரலைக் கும்பா' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது கருவிக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை: அலையொற்றி. ஒற்று என்றால் மறைந்திருந்து அறிவது. தொல்காப்பியர் வெட்சித் துறைகளை, அதாவது ஆநிரை கவரும் போரின் பகுதிகளை, சொல்லும்போது 'ஒற்றின் ஆகிய வேயே' என்கிறார். வேய், வேவு இரண்டும் ஓரடிச் சொற்கள். வேய் மூங்கிலும்கூட. உள்ளே துளையுள்ளது, ஓசையை வாங்கிக் கடத்துவது. ஒட்டுக்கேட்பவனுக்கு அந்தப் பெயர் வந்தது இதனால்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். ஒற்றெழுத்தும் பாருங்கள், தனக்கென ஓசை இல்லாமல் பக்கத்து எழுத்தைச் சார்ந்து நிற்பது. தான் ஒன்றும் அனுப்பாத கருவிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

— மு.

*

மு. ஐயா, மூங்கில் விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டும் வேறு வேறு வேய் என்றே நினைக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம். ஆனால் 'ஒற்றி' என்றால் எங்கள் ஊரில் அடமானம். நிலத்தை ஒற்றிக்கு விட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது.

கும்பா என்பதும் கிண்ணத்தைக் குறிக்கும் சொல். மெட்டாக்ஸில் கிண்ணம் எங்கே இருந்தது? கம்பி கட்டிய மரச் சிலுவைதான் அதன் அலைவாங்கி. பிஸ்கே சிலுவை என்றே பெயர். படகு மேலே வரும்போதெல்லாம் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு படகின் மேல்தளக் கோபுரத்துக்கு ஏற வேண்டும், கையாலேயே திருப்ப வேண்டும். அதன் கம்பிவடம் திறந்த மூடி வழியாக உள்ளே போகும். விமானம் வருகிறது என்றால் சிலுவையையும் வடத்தையும் உள்ளே இழுத்த பிறகுதான் மூடியைச் சாத்த முடியும். உயிர் ஒரு சில நொடிகளில் தொங்கும் நேரத்தில் இந்த வேலை!

என் பரிந்துரை: எச்சரிக்கை அலைவாங்கி. ஒலிவாங்கி தெரிந்தவருக்கு இது உடனே புரியும்.

— க.

*

நான் மின்னணுவியல் பாடம் நடத்துகிறவன். 'கேட்பி' என்று சொல்ல ஆசை. ஆனால் 'பி' பிறவினை விகுதி என்பதால் கேட்கச் செய்வது என்று பொருள் திரும்பும் என மு. ஐயா சொல்வார், அது சரிதான். அதனால் 'அலைச்செவி' என்கிறேன்.

சொல்லில் இருக்க வேண்டியது 'கேட்டல்' மட்டுமே. மெட்டாக்ஸ் கேட்டது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அலைகளை. 1943 தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் 10 சென்டிமீட்டர் ரேடாருக்கு மாறியதும் அதன் காதில் ஒன்றுமே விழவில்லை. அந்த மே மாதம் மட்டும் 40-க்கு மேற்பட்ட படகுகள் மூழ்கின. அதற்குக் காரணங்கள் பல, இது அவற்றில் ஒன்று.

வயிறு எரிவது இன்னொன்றுக்காக. அதே 10 சென்டிமீட்டர் வகை ரேடார் ஒன்று பிப்ரவரியிலேயே, ராட்டர்டாம் அருகே விழுந்த குண்டுவீச்சு விமானத்திலிருந்து ஜெர்மானியர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஆகஸ்டில், பிடிபட்ட பிரிட்டிஷ் விமானி ஒருவர், மெட்டாக்ஸிலிருந்து கசியும் அலையைப் பிடித்துக்கொண்டே வருகிறோம் என்று சொன்னதை நம்பினார்கள். கசிவு இருந்தது உண்மை, காரணம் அதுவல்ல. கருவியை அணைக்க உத்தரவு போனது. 10 சென்டிமீட்டர் அலையைக் கேட்கும் நாக்சோஸ் இலையுதிர் காலத்தில்தான் வந்தது.

— ப.

*

ப. தம்பி சொன்னதைப் படித்ததும் வள்ளுவர்தான் நினைவுக்கு வந்தார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்கிறார் ஒற்றாடல் அதிகாரத்தில். விமானி சொன்னதை யார் சரிபார்த்தார்கள்? அடமானப் பொருள் இருக்கட்டும், இடம் பார்த்துப் பொருள் கொள்வது தமிழில் புதிதா? அலையொற்றியை நான் கைவிடவில்லை.

— மு.

*

எல்லோருக்கும் நன்றி. இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். ரேடார் ரேடாராகவே இருக்கும். இரண்டாவதற்கு 'எச்சரிக்கை அலைவாங்கி'. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஐந்து பேர் இதற்கு. முதல் முறை வரும் இடத்தில், அலையை அனுப்பாது, கேட்க மட்டும் செய்யும் என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். அப்புறம், மெய்ப்புப் பார்ப்பவரிடமும் பேசிவிட்டேன்.

— செ.

*

செ. அக்கா, அனுப்புங்கள், தடையில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிஸ்கே விரிகுடாவில் இரவு மேலே வந்த படகில், காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு ஓசை இல்லை என்றால் ஆபத்தில்லை என்று பொருள். விமானம் தலைக்கு மேல் வந்தபோதும் அந்த ஓசை வரவில்லை. அதை 'எச்சரிக்கை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என் மாணவர்களுக்கு அலைச்செவி என்றே சொல்லிக்கொடுப்பேன்.

— ப.