‘நாட் ஒன்லி’யை எங்கே வைப்பது?

செந்தூல்வாசி:
மகள் படிவம் 4 படிக்கிறாள். அவளுடைய ஆங்கிலக் கட்டுரையில் ‘ஷீ நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்சோ மலாய்’ என்ற வரியை ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். காரணம் எழுதவில்லை. ‘நாட் ஒன்லி’க்கு ‘பட் ஆல்சோ’ வந்துவிட்டது, பொருளும் புரிகிறது. இதற்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம் இல்லையா?

பட்டர்வொர்த் டீச்சர்:
ஜோடி சரிதான் ஐயா, அது நிற்கும் இடம்தான் பிழை. ‘நாட் ஒன்லி’க்குப் பின் ‘ஸ்பீக்ஸ்’ என்ற வினை வந்தால், ‘பட் ஆல்சோ’வுக்குப் பின்னும் ‘ரைட்ஸ்’ போல ஒரு வினை வரவேண்டும். மொழிகளை மட்டும் அடுக்குவதென்றால் ‘ஷீ ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்சோ மலாய்’. பேச்சில் யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்; தேர்வுத்தாளில் பிடிப்பார்கள்.

‘தமிழ் மட்டுமல்ல, மலாயும் பேசுகிறாள்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘மட்டுமல்ல’ தமிழை ஒட்டியே நிற்கிறது. ‘உம்’ மலாயோடு ஒன்றிவிட்டது. இடம் மாறிப் போக வழியே இல்லை. ஆங்கிலத்தில் இவை தனிச் சொற்கள், நாம்தான் இடம் பார்த்து வைக்கவேண்டும். அதனால் என் மாணவர்களை முதலில் தமிழில் சொல்லச் சொல்கிறேன். ‘மட்டுமல்ல’ எந்தச் சொல்லைத் தொடுகிறதோ, அதற்கு முன்னால்தான் ‘நாட் ஒன்லி’.

பிறைக்காரன்:
தமிழை நடுவில் கொண்டுவராதீர்கள் டீச்சர். நானும் டியூஷன் எடுக்கிறவன்தான். ‘அப்பாவும் வரவில்லை, அம்மாவும் வரவில்லை’ என்று நினைத்துக்கொண்டு, ‘நைதர் மை ஃபாதர் நார் மை மதர் டிட் நாட் கம்’ என்று எழுதுகிறார்கள். ‘இல்லை’ என்பதை ‘நைதர்’ ஏற்கெனவே சொல்லிவிட்டது. ‘டிட் நாட்’டும் சேர்ந்தால் இருவரும் வந்துவிட்டார்கள் என்றல்லவா ஆகும்? ‘கேம்’ என்றாலே போதும். ‘ஆல்தோ’ போட்ட பிறகு ‘பட்’ போடுவதும் இதே கோளாறுதான். ஐதர்–ஆர், நைதர்–நார், போத்–அண்ட் என்று மனப்பாடம் செய்யவைப்பதே வழி.

பட்டர்வொர்த் டீச்சர்:
‘நைதர்’ பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, அங்கே தமிழ் தடுக்கிவிடத்தான் செய்கிறது. ஆனால் ‘ஆல்தோ–பட்’ பழியைத் தமிழ்மேல் போடாதீர்கள். ‘மழை பெய்தாலும் வந்தான்’ என்பதில் ‘ஆனால்’ எங்கே இருக்கிறது? ‘இருந்தாலும்’ என்று தொடங்கி ‘ஆனால்’ என்று தொடர்வது மண்டரினில்தான் இயல்பு. நம் பிள்ளை தமிழில் நினைத்திருந்தால் அந்தப் ‘பட்’ வந்தே இருக்காது!

மனப்பாடத்துக்கும் எல்லை உண்டு. ‘நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடண்ட்ஸ்’ என்பதற்குப் பின் ‘வாஸ்’ வருமா, ‘வேர்’ வருமா? பட்டியல் இதைச் சொல்லாது. வினைக்குப் பக்கத்தில் மாணவர்கள் நிற்கிறார்கள், ஆகவே ‘வேர்’. இடம் மாற்றி ஆசிரியரைப் பக்கத்தில் நிறுத்தினால் ‘வாஸ்’.

பிறைக்காரன்:
பக்கத்தில் நிற்பதைப் பார் என்பதும் ஒரு விதிதானே! அதையும் சேர்த்தே மனப்பாடம் செய்யட்டும். மலாய்த் தேர்வுக்கு ‘அந்தாரா’ (இடையே) என்றால் ‘டெங்கான்’ (உடன்) என்று நாம் படிக்கவில்லையா? இன்றுவரை மறக்கவில்லை.

செந்தூல்வாசி:
டீச்சர் சொன்னபடி மகளைத் தமிழில் சொல்லவைத்தேன். ‘நாட் ஒன்லி’யைத் தானே அடித்துவிட்டு, ‘ஸ்பீக்ஸ்’ஸுக்குப் பின்னால் எழுதினாள். வட்டம் போட்ட ஆசிரியரைக் குறை சொன்னது என் தவறு. பிறைக்காரர் எழுதியதையும் படித்துக் காட்டினேன். “அப்படியானால் ‘பிட்வீன்’ வந்தால் ‘வித்’தா அப்பா?” என்று கேட்கிறாள்.

பிறைக்காரன்:
இல்லை ஐயா, ‘அண்ட்’தான். மலாய் ஜோடி மலாய்க்கு மட்டுமே. இதை நான் முதலிலேயே சேர்த்து எழுதியிருக்கவேண்டும்.