ஏஐ விஷயத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதற்காக முட்டிக்கொள்கின்றன?

நூல்கண்டு:
ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தை (2024/1689) படித்துக்கொண்டிருக்கிறேன். செய்திகளில் வருவதெல்லாம் "ஐரோப்பா கட்டுப்படுத்துகிறது, அமெரிக்கா கட்டவிழ்த்து விடுகிறது" என்கிற ஒரே பாட்டுதான். அதைத் தாண்டிச் சில சந்தேகங்கள். சட்டத்தின் எந்தப் பகுதி அமெரிக்க நிறுவனங்களை உறுத்துகிறது? சிப் ஏற்றுமதி இந்தச் சண்டைக்குள் எப்படி வந்தது? இரண்டு தரப்பும் பேசித் தீர்க்க வைத்திருந்த வர்த்தக, தொழில்நுட்ப கவுன்சில் என்ன ஆனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலங்கரை:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். சட்டத்தின் பெரும்பகுதியைப் பற்றி வாஷிங்டனுக்குப் பெரிய கவலை இல்லை. மக்களுக்குச் சமூக மதிப்பெண் போடுவது, வேலையிடத்தில் முகத்தை வைத்து உணர்ச்சியைக் கணிப்பது போன்றவை 2025 பிப்ரவரி 2 முதலே தடை. அதற்காக யாரும் கொடி பிடிக்கவில்லை. உறுத்துவது 51 முதல் 56 வரையிலான பிரிவுகள், அதாவது பொதுப்பயன் மாடல்களுக்கான (ஒரே வேலைக்கு என்றில்லாமல் பல வேலைகளுக்கும் பயன்படும் பெரிய ஏஐ மாடல்கள்) விதிகள். இவை 2025 ஆகஸ்ட் 2 முதல் அமலில் உள்ளன.

53ஆம் பிரிவின்படி தொழில்நுட்ப ஆவணம் வைத்திருக்க வேண்டும், பயிற்சிக்கு எந்த உள்ளடக்கத்தை எடுத்தார்கள் என்பதன் சுருக்கத்தை வெளியிட வேண்டும், பதிப்புரிமைக் கொள்கை ஒன்று இருக்க வேண்டும். பயிற்சிக்கான கணக்கீடுகள் மொத்தம் 10 அடுக்கு 25-ஐத் தாண்டினால் "அமைப்புசார் ஆபத்து" உள்ள மாடலாகக் கருதப்படும். அப்போது 55ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும்: வேண்டுமென்றே தாக்கிப் பார்க்கும் சோதனை, கடுமையான சம்பவங்களை அறிக்கையிடுதல், மாடலுக்கு இணையப் பாதுகாப்பு. இந்த வரம்பைத் தாண்டுபவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க மாடல்கள் என்பதால், சட்டத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லாவிட்டாலும் சுமை ஒரு பக்கமாகவே விழுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். 2023 அக்டோபரில் பைடன் போட்ட ஆணையும் இதே வகை அளவுகோலைத்தான் வைத்திருந்தது. வரம்பு மட்டும் பத்து மடங்கு அதிகம், 10 அடுக்கு 26. பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்றே ட்ரம்ப் அதை ரத்து செய்தார். அதுவரை இரு கரைக்கும் பொதுவாக ஓர் அளவுகோலாவது இருந்தது.

உண்மையான முள் பதிப்புரிமையில் இருக்கிறது. சட்டத்தின் முன்னுரைப் பத்தி 106, பயிற்சி உலகின் எந்த மூலையில் நடந்தாலும் ஐரோப்பியச் சந்தையில் மாடலை விற்பவர் ஐரோப்பியப் பதிப்புரிமைக் கடமையைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் "நியாயமான பயன்பாடு", அதாவது அனுமதி இல்லாமலே எடுக்கலாம், என்று நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்கும் அதே வேலைக்கு, ஐரோப்பாவில் 2019 பதிப்புரிமை வழிகாட்டுதலின்படி உரிமையாளர் "எடுக்காதே" என்று பதிவு செய்திருந்தால் எடுக்க முடியாது. மீறினால் அபராதம் 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 3%, இரண்டில் எது அதிகமோ அது. ஐரோப்பிய வருவாயில் 3% என்று பலர் தப்பாக எழுதுகிறார்கள்.

அமெரிக்க நிறுவனங்கள் எல்லாம் ஒரே அணி என்பதும் சரியல்ல. இந்தப் பொதுப்பயன் மாடல் விதிகளை எப்படிப் பின்பற்றுவது என்று சொல்லும், 2025 ஜூலை 10 அன்று வந்த தன்னார்வ நடைமுறை விதித்தொகுப்பில் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் கையெழுத்திட்டன. மெட்டா மறுத்துவிட்டது. எக்ஸ்ஏஐ பாதுகாப்பு அத்தியாயத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு, வெளிப்படைத்தன்மையையும் பதிப்புரிமையையும் விட்டுவிட்டது.

தாழம்பூ77:
சிப் விஷயம் என் பங்கு.

2025 ஜனவரியில், பைடன் ஆட்சி முடியும் கடைசி வாரத்தில், உயர்திறன் சிப்களுக்கு ஓர் ஏற்றுமதி விதி வந்தது. உலகத்தை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். கட்டுப்பாடில்லாத முதல் அடுக்கில் 18 நட்பு நாடுகள். ஒன்றியத்தின் 27 நாடுகளில் 10 மட்டும்தான் அதில் இருந்தன. போலந்து, ஆஸ்திரியா, போர்ச்சுகல், கிரேக்கம் எல்லாம் உச்சவரம்புள்ள இரண்டாம் அடுக்கில். ஒரே சந்தை என்று சொல்லிக்கொண்டு பெர்லினில் வாங்கலாம், வார்சாவில் வரம்பு உண்டு என்றால் என்ன அர்த்தம்? நேட்டோ கூட்டாளியான போலந்துக்கு அது வலித்தது. ட்ரம்ப் நிர்வாகம் 2025 மே மாதம் அந்த விதியைக் கைவிட்டது. ஆனால் சிப்பை ஒரு நெம்புகோலாகப் பயன்படுத்தலாம் என்பது இரு தரப்புக்கும் அதற்குள் புரிந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 21 கூட்டறிக்கையில் ஐரோப்பா குறைந்தது 4,000 கோடி டாலருக்கு அமெரிக்க ஏஐ சிப் வாங்க எண்ணுவதாகச் சொன்னது. நான்கே நாளில், டிஜிட்டல் வரியும் டிஜிட்டல் சட்டங்களும் வைத்திருக்கும் நாடுகளுக்குக் கூடுதல் சுங்கமும் சிப் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் வரும் என்று ட்ரம்ப் மிரட்டினார். வாங்குவதாகச் சொன்ன அதே பொருளை வைத்தே மிரட்டல்!

ஐரோப்பா கையிலும் ஒரு துருப்புச்சீட்டு உண்டு: நெதர்லாந்தின் வெல்தோவனில் இருக்கும் ஏஎஸ்எம்எல். மிக நுண்ணிய சிப்களை அச்சிடும் அதிபுற ஊதா இயந்திரத்தை உலகில் வணிக ரீதியாகச் செய்வது அவர்கள் மட்டுமே. ஆனால் அந்தச் சீட்டை எடுத்து வீச முடியாது. இயந்திரத்தின் கண்ணாடிகள் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்திலிருந்து வருகின்றன; ஒளிமூலமோ சான் டியாகோவில் உள்ள ஏஎஸ்எம்எல்லின் சொந்தப் பிரிவிலிருந்து வருகிறது. அதனால் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தின் கை அந்த இயந்திரம் வரை நீளும்.

கவுன்சில் பற்றி: 2021 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் முதல் கூட்டம், 2024 ஏப்ரலில் பெல்ஜியத்தின் லூவெனில் ஆறாவது. அதோடு சரி. இடையில் 2022 டிசம்பரில் ஏஐ அளவீடு, தரநிலைகள் பற்றி ஒரு பொதுத் திட்டம் வந்தது. பலன் தராததற்குக் காரணம் எளிது. கவுன்சிலை அறிவித்தது 2021 ஜூனில். ஏஐ சட்ட வரைவு ஏப்ரலிலேயே மேசைக்கு வந்துவிட்டது. பேரம் பேச இடமே இல்லாத நேரத்தில் பேச உட்கார்ந்தார்கள்.

மூன்றாம்கரை:
தாழம்பூ சொன்னது சரி, ஆனால் முதலில் அறுந்துபோகக் கூடிய கண்ணி சிப் அல்ல, தரவு.

ஐரோப்பியரின் தனிப்பட்ட தரவு அமெரிக்கா போவதற்கான ஏற்பாட்டை ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் 2015இல் ஒருமுறை, 2020இல் ஒருமுறை ரத்து செய்தது. இப்போதைய மூன்றாவது ஏற்பாடு 2023 ஜூலை 10 முதல். அது நிற்பது காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் மேல் அல்ல, 2022 அக்டோபரில் பைடன் போட்ட ஆணையின் மேல். ஒரு ஜனாதிபதியின் கையெழுத்து போதும், அடித்தளம் போய்விடும். இந்த ஏற்பாடு நம்பியிருக்கும் இன்னொரு தூண், அமெரிக்க உளவு அமைப்புகளைக் கண்காணிக்கும் தனியுரிமை வாரியம். அதன் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மூவரை 2025 ஜனவரியில் ட்ரம்ப் நீக்கியதும், முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை வாரியத்துக்கு இல்லாமல் போனது. 2025 செப்டம்பர் 3 அன்று ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் ஏற்பாட்டுக்கு எதிரான வழக்கைத் தள்ளுபடி செய்தது உண்மைதான். ஆனால் அது பார்த்தது 2023இல் நிலைமை எப்படி இருந்தது என்பதைத்தான்.

"சர்வரை ஃபிராங்க்ஃபர்ட்டில் வைத்தால் போதுமே" என்பார்கள். போதாது. 2018ஆம் ஆண்டின் அமெரிக்க கிளவுட் சட்டம், தரவு எங்கே கிடக்கிறது என்று கேட்பதில்லை, யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கேட்கிறது. குறியாக்கச் சாவியை வாடிக்கையாளரே வைத்துக்கொள்வது சேமிப்புக்கு உதவும். மாடலை ஓட்டும்போது பொதுவாகத் தரவு நினைவகத்தில் குறியாக்கம் நீங்கித்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் சாவி பயன்படாது. கோப்புக் கிடங்குக்குச் சரியாக வேலை செய்யும் ஏற்பாடு ஏஐ சேவையில் கவிழ்வது இதனால்தான்.

நூல்கண்டு:
நன்றி, நிறையத் தெளிந்தது. ஒரு துணைக்கேள்வி. 2025 நவம்பர் 19 அன்று ஐரோப்பிய ஆணையம் உயர் ஆபத்து விதிகளை (மக்களின் பாதுகாப்பையோ உரிமைகளையோ பாதிக்கக்கூடிய ஏஐ அமைப்புகளுக்கானவை) தள்ளிப்போட முன்மொழிந்ததே, அது ட்ரம்புக்குப் பணிந்ததா?

கலங்கரை:
அழுத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்வீட்டுக் காரணமே பெரிது. உயர் ஆபத்து அமைப்புகள் விதிக்கு இணங்குகின்றன என்று காட்டுவதற்கான, ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான "ஒத்திசைந்த" தரநிலைகளை ஐரோப்பியத் தர அமைப்புகள் நேரத்துக்கு எழுதி முடிக்கவில்லை. தரநிலை இல்லாமல் விதி அமலானால், இணங்கியதை நிரூபிக்க ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக வழி தேட வேண்டும். அதோடு 2025 ஜூலையில் இரண்டாண்டு இடைவெளி கேட்டுக் கடிதம் எழுதியவர்கள் யார்? ஏர்பஸ், மெர்சிடஸ், ஏஎஸ்எம்எல், மிஸ்ட்ரல் தலைவர்கள். எல்லாம் ஐரோப்பிய நிறுவனங்கள்.

முன்மொழிவில் இருக்கும் தேதிகள்: பணியமர்த்தல், கடன் மதிப்பீடு போன்றவற்றுக்கு அதிகபட்சம் 2027 டிசம்பர் 2, பொருட்களுக்குள் பொதிந்தவற்றுக்கு 2028 ஆகஸ்ட் 2. அமெரிக்க நிறுவனங்களை அதிகம் உறுத்தும் பொதுப்பயன் மாடல் கடமைகளை அது தள்ளிப்போடவில்லை. அவற்றுக்காக அபராதம் விதிக்கும் அதிகாரம் 2026 ஆகஸ்ட் 2 முதல். படிக்கும்போது 91, 92, 93 பிரிவுகளை ஒன்றாக வைத்துப் படியுங்கள்: ஆவணம் கேட்பது, மாடலைச் சோதிப்பது, கடைசியில் சந்தையிலிருந்தே திரும்பப் பெறச் சொல்வது. அபராதத்தைக் கட்டிவிட்டு நகரலாம். 93 கைக்கு வந்தால் நகர இடமில்லை.