புதுப்பிப்பு: உதகை வீட்டின் இரவுக் குளிருக்குத் தீர்வு கிடைத்தது

உதகையின் உறைபனிக் காலத்தில், ஹீட்டர் போட்டும் எங்கள் பழைய வீட்டின் கூடம் சூடாகவில்லை என்று டிசம்பரில் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பலன் தந்தது, கொளுத்திய ஊதுபத்தியை இடுக்குகளின் அருகே பிடித்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான். நான் சந்தேகப்பட்ட ஜன்னலோரத்தில் புகை நேராக எழ, வாசற்கதவின் அடியில் மட்டும் சட்டென்று உள்பக்கம் வளைந்தது. அங்கே பழைய பருத்திப் புடவையை இறுகச் சுருட்டி வைத்தபின், இரவு 10 மணிக்கு 13 டிகிரியாக இருந்த கூடம் அதே ஹீட்டரில் 17 டிகிரியை எட்டுகிறது. எதிர்பாராத விதமாக, காலையில் கண்ணாடிகளில் நீர் வழிந்து சுவரோரம் பூஞ்சணம் தலைகாட்டியதால், நண்பகலில் அரை மணி நேரம் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறோம். சிலர் சொன்ன கரி கணப்புச் சட்டியை மூடிய அறையில் வைக்கவே வேண்டாம்; அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. நேற்றிரவு சுக்குக் காப்பியோடு, கம்பளி போர்த்தாமலேயே தாயம் ஆடினோம்.