நாவாய் மியூசியத்துல முதல்ல எத வைக்கணும்? பெரிய திரையா, ஒடஞ்ச ஓடா?

பாம்பன் தம்பி:
2025 பட்ஜெட்ல நம்ம ராமநாதபுரத்துக்கு நாவாய் (கப்பல்) அருங்காட்சியகம்னு 21 கோடில அறிவிச்சாங்கல்ல, பாண்டியர் காலத்து கடல் வணிகத்தக் காட்டுறதுக்கு. அத வச்சுத்தான் இந்தத் திரி. என்னக் கேட்டா நுழைஞ்ச உடனே பெரிய திரை இருக்கணும். அலைச் சத்தம், பாய் விரிச்ச கப்பல், இருட்டு ஹால், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். என் அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். ஒரு சோழர் படம் பார்த்துட்டு வந்து, 1025ல ராஜேந்திரன் கடாரத்துக்கு எந்த வழியா போயிருப்பான்னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மேப்ல தேடிக்கிட்டு இருந்தான். அதே பயல ராமலிங்க விலாசம் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனேன், பத்தே நிமிஷம், கிளம்புவமா மாமான்னுட்டான். பிள்ளைங்கள உள்ள இழுக்கிறது சினிமாதான், இத ஒத்துக்கிட்டு பேசுவோம்.

கேணிக்கரை வாத்தியார்:
தம்பி, பத்து நிமிஷத்துல கிளம்புனது பையன் குத்தமில்ல, பக்கத்துல நின்னு சொல்லிக் காட்ட ஆள் இல்ல, அவ்வளவுதான். நான் முப்பது வருஷம் வரலாறு எடுத்தவன், எத்தனையோ செட் பிள்ளைகள அந்த அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். சுவர் முழுக்க ஓவியம், 300 வருஷத்துக்கு முந்தினது, முத்து விஜய ரகுநாத சேதுபதி காலம், அதாவது 1710ல இருந்து 1725க்குள்ள. தஞ்சாவூர் மராட்டியரோட நடந்த சண்டை ஒரு பக்கம், ராமாயணம் ஒரு பக்கம், ராஜராஜேஸ்வரி அம்மன் ராஜா கையில செங்கோல் குடுக்கிறது ஒரு பக்கம், தொப்பி போட்ட வெள்ளைக்காரங்க ராஜாவப் பார்க்க வந்து நிக்கிறது ஒரு பக்கம். பிள்ளைககிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன், இந்தப் படத்துல யார் உக்காந்திருக்காங்க, யார் நிக்கிறாங்க, அத மட்டும் எண்ணுங்கடா. அரை மணி நேரம் நகர மாட்டானுங்க.

பழைய துறைமுகமா இருந்த அழகன்குளத்துல தோண்டுனப்ப ஒரு பானை ஓடு கெடச்சுது, அதுல கப்பல் படம் கீறியிருக்கு, மூணு பாய்மரம், ரோமாபுரிக் கப்பல் மாதிரி இருக்குன்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. கப்பல நேர்ல பார்த்த ஒருத்தன் கை கீறுன கோடு அது. சினிமாவுல காட்டுற கப்பல் நேத்து ஒரு ஆர்ட் டைரக்டர் யோசிச்சது. முதல் ரூம்ல அந்த ஓடு மட்டும், ஒரே ஒரு விளக்குக்கு அடியில. திரையே வேணாம்.

கீழக்கரை ராத்தா:
ரெண்டு பேரும் கோவிச்சுக்கக் கூடாது. வாத்தியார் சார், நீங்க சொல்ற அந்தச் சுவரும் ராஜா காசு குடுத்து எடுத்த படம்தானே? அம்மனே வந்து செங்கோல் குடுத்தான்னு எழுதச் சொன்னது யாரு? தம்பி சொன்ன சோழர் படத்துக்கும் இதுக்கும் 300 வருஷ வித்தியாசம், வேலை ஒண்ணுதான். 1693ல கிழவன் சேதுபதி காலத்துல ஓரியூர்ல அருளானந்தர்ங்கிற ஜான் டி பிரிட்டோ சாமியார வெட்டுனாங்களே, அதுக்கு அடுத்து வந்த ராஜா சுவர்லயா அத எழுதுவாரு? அத ஓரியூர்க்காரங்க தலைமுறை தலைமுறையா, அவரு ரத்தம் பட்டுச் செவந்ததுன்னு சொல்ற அந்த மண்ண எடுத்து நெத்தியில வச்சு ஞாபகம் வச்சிருக்காங்க. எங்க ஊரு சீதக்காதி வள்ளல எடுத்துக்கங்க, உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவா நின்னவரு. அவரப் பத்தி பாட்டுலயும் பழமொழியிலயும்தான் ஊருக்குத் தெரியும், செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு சின்னப் பிள்ளையும் சொல்லும். எங்க பழைய ஜும்மா பள்ளிவாசல் கல்தூண் பக்கத்துல போய் நின்னு பாருங்க, கோயில் மண்டபத்துல நிக்கிற மாதிரியே இருக்கும். இந்தக் கரையில தச்சனும் மரைக்காயரும் எப்படிப் பழகுனாங்கங்கறது அந்தத் தூண்ல இருக்கு, அரண்மனைச் சுவர்ல இல்ல.

கேணிக்கரை வாத்தியார்:
ராஜா புகழ்ச்சி இருக்குதான், ஒத்துக்கிறேன்மா. ஆனா புகழ்ச்சி பாடுறவனும் அன்னைக்கு ஈட்டி எப்படி இருந்துச்சு, பொம்பளைங்க என்ன வாத்தியம் வச்சிருந்தாங்க, வெள்ளைக்காரன் என்ன கால்சட்டை போட்டிருந்தான்னு தான் பார்த்ததத்தான் எழுதுவான். பொய் சொல்ற படத்துலயும் துணிமணி பொய் சொல்லாது. அத வாசிக்கத்தான் பிள்ளைகளப் பழக்கணும். பாட்டு பழமொழி நானும் விரும்புறவன்தான், ஆனா அதுக்குத் தேதி கிடையாது, யாரு எப்ப எதச் சேர்த்தாங்கன்னு தெரியாது. மியூசியத்துல தேதி இல்லாதத வச்சா நாளைக்கு யார் வேணாலும் எத வேணாலும் கொண்டாந்து வச்சிட்டுப் போவாங்க.

அரிச்சல்முனை பேரன்:
நான் இங்க எழுதுறதில்ல, படிக்கிறதோட சரி. பாம்பன் தம்பி சினிமா இழுக்கும்னதால எழுதுறேன். எங்க ஊரு தனுஷ்கோடி. யூடியூப்ல போய் பேரப் போட்டுப் பாருங்க, பேய் நகரம், ராத்திரி போனா திரும்ப முடியாதுன்னு செவப்பு எழுத்துல போட்டு வச்சிருக்கான். அது பேய் ஊர் இல்லண்ணே, எங்க அப்பத்தா கல்யாணம் ஆகி வந்த ஊரு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல பாம்பன்ல இருந்து வந்த 653ம் நம்பர் ரயில் ஆளோட போயிருச்சு. தலைமன்னாருக்குக் கப்பல் போன ஊரு, போஸ்டாபீஸ், கஸ்டம்ஸ் எல்லாம் இருந்த ஊரு. இடிஞ்ச சர்ச் சுவர்ல சாஞ்சு நின்னு போட்டோ எடுக்கிறவன் யாரும் அங்க ஞானஸ்நானம் வாங்குன ஆளு இன்னும் உசுரோட இருக்கான்னு கேட்டதில்ல. பரபரப்பு வச்சு உள்ள இழுத்தா பரபரப்பு மட்டும்தான் மிஞ்சும்.

பாம்பன் தம்பி:
தம்பி, பேய்னு போடுறது தப்பு, அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுறேன், அதனால ஒண்ணு சொல்றேன் கேளு. பேய் வீடியோ பார்த்துட்டு வந்த கோயம்புத்தூர் பிள்ளைங்க நாலு பேரு போன வாரம் என் வண்டியில. அரிச்சல்முனை போற வரைக்கும் சிரிச்சுக்கிட்டு வந்தாங்க. திரும்பி வர்றப்ப ரயில் கதைய நான் சொன்னேன், தண்டவாளம் எங்க போச்சுன்னு கையக் காட்டுனேன். பாம்பன் வர்ற வரைக்கும் ஒருத்தரும் பேசல. ஒரு பொண்ணு இறங்கி வந்து, 1914ல கட்டுன பழைய பாலம் எதுண்ணே, இப்ப 2025ல தெறந்தது எதுண்ணேன்னு கேட்டு நின்னு பார்த்துச்சு. அந்த வீடியோ இல்லன்னா அதுங்க ராமேஸ்வரம் கோயிலோட திரும்பியிருக்கும். வந்த ஆளுக்கு நெசத்தச் சொல்றது நம்ம பொறுப்பு, வரவழைக்க ஏதோ ஒண்ணு வேணும்ல.

கேணிக்கரை வாத்தியார்:
இது தனுஷ்கோடி மியூசியம் இல்லப்பா, பாண்டியர் கடல் வணிகம். 1964அ அதுக்குள்ள தூக்கி வச்சா பொருள் செதறிப் போகும். அதுக்குத் தனியா ஒண்ணு கேப்போம், நானும் கையெழுத்துப் போடுறேன்.

கீழக்கரை ராத்தா:
செதறாது சார். பாண்டியன் கப்பல ஓட்டுனது யாரு, ராஜாவா? அழகன்குளத்துல சங்கு வளையலும் கெடச்சிருக்குல்ல, அந்தச் சங்க கடலுக்கு அடியில இருந்து எடுத்தது யாரு?

எங்க வாப்பா சங்குகுளிக்குப் போனவங்க. மூச்சப் புடிச்சு ஒரே முங்கு, மேல வர்றப்ப கையில சங்கு இருந்தாத்தான் அன்னைக்கு சோறு. வலது காது சுத்தமா கேக்காது, நாங்க பேசுறதுன்னா இடது பக்கம் போய்தான் உக்காருவோம். எங்க சின்னதுல ராத்திரி வாப்பா தலகாணியில மஞ்சளும் ரத்தமுமா கறை இருக்கும், உம்மா காலையில சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவும். எங்க அஞ்சு பிள்ளைகளும் அந்தக் கறையப் பார்த்துத்தான் வளந்தோம். கண்ணாடிப் பெட்டியில வளையல் துண்ட வச்சு, கீழ "சங்கு வளையல்"னு ரெண்டு வார்த்தை மட்டும் எழுதி வச்சா எங்க வாப்பா காது எங்க போச்சு? தேதி வேணும்னா அந்தத் துண்டுக்கு இருக்குல்ல சார், பக்கத்துல குளிக்கிற ஆளோட பேச்சையும் வைங்க. சங்கும் மாறல, முங்குற முறையும் பெருசா மாறல.

அரிச்சல்முனை பேரன்:
ராத்தா சொன்னதுதான். காத்தும் மாறல. வாடை, கொண்டல், கச்சான், சோளகம்னு எங்க அப்பத்தா அம்பாப் பாட்டுல வரிசையா வரும், கரைவலை இழுக்கிறப்ப பாடுறது. எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் போகணும், எப்பத் திரும்பணும்னு அந்தப் பாட்டுலயே இருக்கு. ரோமாபுரிக் கப்பலும் அந்தக் காத்துலதானே வந்துச்சு.

பாம்பன் தம்பி:
இத... இத திரையில போடுங்கன்னுதான் நான் சொல்றேன். இருட்டு ஹால்ல, ஒரு ஆளு முங்குறான், மூச்சுச் சத்தம் மட்டும், திரை பூரா பச்சத் தண்ணி. அப்புறம் அந்த வளையல் துண்டு. ராத்தா வாப்பா காதுக்குத் திரை வேணாமா? ஓடு மட்டும் வச்சா என் அக்கா மகன் பத்து நிமிஷத்துல கிளம்பிருவான் சார், நெசமா சொல்றேன்.

கேணிக்கரை வாத்தியார்:
ராஜா இல்லாத திரைன்னா நான் குறுக்க நிக்கல. ஆனா ஓடுதான் முதல்ல. திரை ரெண்டாவது ரூம். அதுல மாத்தமில்ல. அந்தக் காத்துப் பேரு விஷயம் எனக்கு உறுத்துது, பருவக்காத்துப் பாடத்த இத்தன வருஷம் கரும்பலகையில அம்புக்குறி போட்டே நடத்திட்டேன், கரையில ஒரு அம்மா அத வலை இழுத்துக்கிட்டே பாடுறது எனக்குத் தெரியல. தம்பி, அப்பத்தா பாடுவாங்களா? பதிவு பண்ணலாமா? யாரு, எந்தக் கரை, எந்த வருஷம் படிச்சுக்கிட்டதுன்னு எல்லாத்தையும் சேர்த்து எழுதிக்கிறேன்.

அரிச்சல்முனை பேரன்:
பாடும் சார், ஆனா சும்மா உக்காந்து பாடச் சொன்னா வராது அதுக்கு, கையில கயிறு இருக்கணும். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்கு வலை இழுக்கிறாங்க, வாடை கொஞ்சம் கொறஞ்சிருந்தா. நீங்களும் ஒரு கை புடிக்கணும். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாங்க. பாம்பன் அண்ணே, சார உங்க வேன்ல ஏத்திக்கிட்டு வந்துருங்க, அக்கா மகனையும் கூட்டிட்டு வாங்க.