மிஷன் இம்பாசிபிள் இசைக்குத் தாளம் போட்டால் கை தவறுகிறதே, ஏன்?

கேள்வி: சமையலறை_சுருதி

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஆண்டுவிழாவுக்காக மிஷன் இம்பாசிபிள் இசையைக் கீபோர்டில் பழகுகிறான். கைபேசியில் இரண்டு பதிவுகள் வைத்திருக்கிறான். 1996 படத்தோடு வந்த பதிவுக்குத் தொடையில் தட்டினால் எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் பெரும்பாலும் ஒழுங்காக உட்காருகிறது. பழைய தொலைக்காட்சித் தொடரின் பதிவுக்குத் தட்டினால் இரண்டாவது சுற்றிலேயே கை தவறுகிறது. ஐந்து வருடம் பாட்டுக் கற்றவள் நான். மகன் முன்னால் வெட்கமாகிவிட்டது. இசையமைத்த லாலோ ஷிஃப்ரின் தொலைக்காட்சிக்காரரா, சினிமாக்காரரா? அதையும் யாராவது சொல்லுங்கள்.

பதில்: தோல்வாத்தியம்

வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. ஆதி தாளத்தை வைத்துக்கொண்டு ஐந்து எண்ணும் கண்டத் தாளத்தைத் தேடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். 1966இல் தொடருக்காக ஷிஃப்ரின் எழுதியது ஐந்து எண்ணிக்கை. 1996இல் யூ2 ராக் குழுவின் டிரம்ஸ்காரரும் பேஸ் கிதார்காரரும் அதை ஆடுவதற்கு வாகாகப் பெரும்பகுதி நான்காக மாற்றிவிட்டார்கள். படம் ஓடியது, பதிவும் விற்றது. எனக்கு அது முதுகெலும்பை உருவிய மீன்.

கண்ட ஏகம் போடுங்கள். ஒரு தட்டு, பிறகு சுண்டு விரலிலிருந்து ஆள்காட்டி விரல் வரை நான்கு. வாயில் ‘தகிட தகிட தக தக’ சொல்லுங்கள். மூன்றும் மூன்றும் இரண்டும் இரண்டும் பத்து. எண்ணிக்கைக்கு இரண்டு எழுத்து. இரண்டாவது தகிட சுண்டு விரலின் பாதியில் எடுக்கும். உங்கள் கை தடுமாறும் இடம் அதுதான். நடு விரலுக்கு வந்ததும் எல்லாம் நேராகிவிடும். இன்னொரு வேடிக்கை: மோர்ஸ் தந்தியில் ‘எம்’ இரண்டு கோடு, ‘ஐ’ இரண்டு புள்ளி. நீளம், நீளம், குட்டை, குட்டை. தொடரின் பெயரையே தாளமாக்கிவிட்டார் மனிதர் என்பார்கள். ஏன் ஐந்து என்று கேட்டவர்களிடம், விண்வெளியில் ஐந்து கால் உள்ளவர்கள் ஆடுவதற்காக என்று விளையாட்டாகச் சொல்வாராம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஷிஃப்ரின் 1932இல் அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரிஸில் பிறந்தவர். தந்தை அங்கே தெயாத்ரோ கொலோன் என்ற இசையரங்கின் குழுவில் வயலின். பகலில் பாரிஸ் இசைக்கல்லூரியில் இசையமைப்பாளர் மெசியானிடம் பாடம், இரவில் விடுதிகளில் ஜாஸ் பியானோ. ஊர் திரும்பியவரை ஜாஸ் டிரம்பெட் மேதை டிசி கில்லெஸ்பி கேட்டுவிட்டு அமெரிக்காவுக்கு அழைத்தார். 1960இல் கில்லெஸ்பியின் குழுவிலேயே பியானோ வாசித்தார். ஹாலிவுட் அதற்குப் பிறகுதான். தொடரின் தலைப்புக்காக அவர் எழுதிய மெட்டு வேறு. முதல் அத்தியாயத்தில் தப்பியோடும் காட்சிக்கு எழுதிய துண்டைத் தயாரிப்பாளர் புரூஸ் கெல்லர் தூக்கித் தலைப்பில் வைத்தார். நானும் சில தொடர்களுக்கு மிருதங்கம் வாசித்தவன். நடுக் காட்சிக்குப் போட்டது தலைப்புக்குப் போவதும், தலைப்புக்கென்று வியர்த்தது பெட்டியில் தூங்குவதும் எங்களுக்குப் பழக்கம்.

பதில்: மௌனவாசி

ஒலிக்கலவை செய்பவன் என்ற முறையில் ஒன்று. 1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தின் கார் துரத்தலைப் பாருங்கள். வண்டிகள் ஒன்றையொன்று மோப்பம் பிடிக்கும்வரைதான் இசை. உண்மையான ஓட்டம் தொடங்கியதும் ஷிஃப்ரின் நிறுத்திவிடுகிறார். மீதி முழுக்க எஞ்சினும் டயரும். இன்றைய தயாரிப்பாளர் ஒருவரிடம் “இந்த இடத்தில் இசை வேண்டாம்” என்று நான் சொன்னபோது, “அப்படியானால் சம்பளம் எதற்கு?” என்றார்.

பதில்: பின்வரிசை

எல்லாரும் ஒரேயடியாகப் புகழ்கிறீர்கள். ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரை, ஒரு முறைகூட வெற்றி இல்லை. 2018இல் கௌரவ விருதுதான் கிடைத்தது. ‘தொலைக்காட்சிக்காரர்’ என்ற முத்திரை அவரைக் கீழே இழுத்தது என்றே நினைக்கிறேன்.

பதில்: தோல்வாத்தியம்

பின்வரிசைத் தம்பி, முத்திரை அப்படிக் குத்தியிருந்தால் ‘டர்ட்டி ஹாரி’யும் ‘என்டர் தி டிராகன்’ படமும் அவர் கைக்கு வந்திருக்குமா? புரூஸ் லீக்கு நாம் விசில் அடித்தபோது பின்னால் வாசித்துக்கொண்டிருந்தது இவர்தான். தலைகீழாகவும் நடந்தது. ‘கூல் ஹேண்ட் லூக்’ படத்தில் கைதிகள் சாலைக்குத் தார் போடும் காட்சிக்கு எழுதிய இசையை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏபிசியின் உள்ளூர் நிலையங்கள் எடுத்துச் செய்தியின் முகப்பில் வைத்துக்கொண்டன. சினிமா இசை தொலைக்காட்சிக்குப் போனது. அவர் எந்தக் கட்சி என்று இப்போது சொல்லுங்கள்.

அவருக்கு விழுந்த அடி வேறு. 1973இல் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ பேய்ப்படத்துக்கு அவர் எழுதியதை இயக்குநர் முழுதாக ஒதுக்கிவிட்டு, மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ துண்டையும் போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கியின் இசையையும் பயன்படுத்தினார். அந்த மணியோசைதான் இன்று எல்லாருக்கும் நினைவிருக்கிறது. எனக்கும்தான்; அதை மறைக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: சமையலறை_சுருதி

ஐயா, நேற்று இரவு சப்பாத்தி மாவு பிசைந்தபடியே ‘தகிட தகிட தக தக’ சொல்லிப் பார்த்தேன். நாலாவது முறை பிடிபட்டது. ஆனால் மகன் 1996 பதிவையே மேடையில் வாசிக்கப் போகிறானாம். கூட வாசிக்கும் டிரம்ஸ் பையனுக்கு ஐந்து வரவில்லையாம். அந்தப் பையனுக்கும் விரல் எண்ணச் சொல்லித் தரட்டுமா, இல்லை டிரம்ஸுக்கு வேறு வழி இருக்கிறதா?

பதில்: தோல்வாத்தியம்

குச்சியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். முதலில் வாய், பிறகு கை. ஆண்டுவிழாவுக்கு எத்தனை நாள் இருக்கிறது?