உப்புத்தண்ணி தொட்டியில வெள்ளைப் புள்ளி மூணாவது தடவையா திரும்ப வந்துருச்சு, இனி என்னதான் பண்றது?

அடையாறு ரீஃப்

எல்லாருக்கும் வணக்கம். 75 கேலன் ரீஃப் (கோரல் வளர்க்கற) தொட்டி, ஒன்றரை வருஷமா ஓடுது. மீன்ல ஒரு பவுடர் ப்ளூ டாங், ரெண்டு ஆசெல்லாரிஸ் க்ளௌன், ஒரு கோரல் பியூட்டி, அப்புறம் ரெண்டு க்ளீனர் இறால், ஹேமர் கோரல், கொஞ்சம் ஜோவா கோரல். டாங் வாங்கிட்டு வந்து நேரா தொட்டிக்குள்ள விட்டேன், பத்தாவது நாள் உடம்பு முழுக்க உப்புத் தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி. அப்போ கடையில சொன்னாங்கன்னு சாப்பாட்டுல பூண்டுச் சாறு கலந்து குடுத்தேன், யூவி லைட் மாட்டினேன், தண்ணிச் சூட்டை 30 டிகிரிக்கு ஏத்தினேன். அஞ்சு நாள்ல புள்ளி எல்லாம் போயிருச்சு, நிம்மதியா இருந்தேன். சரியா ஒரு வாரம் கழிச்சு முன்ன இருந்ததைவிட ரெண்டு மடங்கா வந்துச்சு.

ரெண்டாவது தடவை மீனை வெளிய எடுத்து ஒரு தனி டப்புல காப்பர் (செம்பு மருந்து) போட்டு 14 நாள் வச்சேன், பெரிய தொட்டியை 40 நாள் காலியா விட்டேன். திரும்ப விட்டு மூணு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து காலையில பாத்தா டாங் செட்டையில மறுபடி புள்ளி, பாறையில உரசிட்டே இருக்கு. அந்த டாங் என் கையில இருந்து நோரி (கடல்பாசி) வாங்கித் தின்னும், அதை இப்படிப் பாக்க முடியல. இது மருந்துக்கே கட்டுப்படாத வகையா? காப்பரை நேரா பெரிய தொட்டியிலயே போட்டுரலாமான்னுகூட தோணுது. யாராவது சொல்லுங்க.

கோவை உப்புத்தண்ணி

ப்ரோ, முதல்ல பெரிய தொட்டியில காப்பர் போட்டுராதீங்க, தயவுசெஞ்சு. இறால், கோரல், நத்தை எல்லாம் செத்துரும். அது மட்டும் இல்ல, பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சி வச்சுக்கும், அளவு ஏறவும் ஏறாது, பின்னாடி மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கசியும், அந்தத் தொட்டியில மறுபடி கோரல் வைக்கவே பயப்படணும்.

உங்களுக்கு வந்திருக்கறது மருந்துக்கு அடங்காத வகைன்னு நான் நினைக்கல. இந்த ஜீவன் பேரு கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ், கடல் இக்னு சொல்வாங்க. நன்னீர் மீன்ல வர்ற இக் (வெள்ளைப் புள்ளி நோய்) மாதிரியே வெளிய தெரியும், ஆனா அதுக்கும் இதுக்கும் சொந்தமே கிடையாது, அதனால சூடு ஏத்துற வைத்தியம் இங்க வேலை செய்யாது, உள்ள இருக்கற ஆக்ஸிஜன்தான் குறையும், செவுள்ல ஏற்கெனவே புழுங்கிட்டு இருக்கற மீனுக்கு அது இன்னும் கொடுமை.

அது வாழுற விதத்தைப் புரிஞ்சுக்கிட்டா ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு தெரிஞ்சுரும். நீங்க பாக்குற வெள்ளைப் புள்ளி மீன் தோலுக்கு அடியில உக்காந்து தின்னுட்டு இருக்கற ஒட்டுண்ணி. மூணுல இருந்து ஏழு நாள் தின்னுட்டு அதுவே கீழ இறங்கிரும், பெரும்பாலும் ராத்திரி இருட்டுல. அப்போதான் நமக்குப் "புள்ளி போயிருச்சு, பூண்டு வேலை செஞ்சுருச்சு"ன்னு தோணும். பூண்டு எதுவும் பண்ணல, அது இறங்க வேண்டிய நாள்ல இறங்கியிருக்கு, அவ்வளவுதான். இறங்கினது மணல், பாறை, கண்ணாடி எங்கயாவது ஒட்டிக்கிட்டு கூடு கட்டிக்கும். அந்தக் கூட்டை எந்த மருந்தும் ஒண்ணும் பண்ணாது. உள்ள ஒண்ணு நூறு இருநூறா பிரிஞ்சு, வெளிய வந்து, ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீனைப் புடிக்கலன்னா செத்துரும். காப்பர் கொல்றது இந்த நீந்துற குஞ்சுங்களை மட்டும்தான். யூவியும் அப்படித்தான், அது வழியா போறதை மட்டும்தான் கொல்லும், போகாதது மீன் மேல ஏறிரும்.

எல்லாக் கூடும் ஒரே நாள்ல பொரிக்காது, அதுதான் பெரிய தலைவலி. மூணு நாள்லயும் பொரிக்கும், நாலு வாரத்துலயும் பொரிக்கும், ஒரு ஆய்வுல கடைசிக் கூடு பொரிக்க 72 நாள் ஆகியிருக்கு. அதனாலதான் தொட்டியை 76 நாள் மீனே இல்லாம காலியா விடணும்னு எல்லாரும் சொல்றது. நீங்க விட்டது 40. சூடான தண்ணியில சீக்கிரம் முடியும்னு சிலர் ஆறு வாரத்தோட நிறுத்துறாங்க, ஆனா ரெண்டு தடவை அடிபட்ட உங்களுக்கு நான் 76க்கு ஒரு நாள்கூடக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

காப்பர் எவ்வளவு போட்டீங்க, எதை வச்சு அளந்தீங்க? அதையும் சொல்லுங்க.

சிங்கை மீன்

மேல அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் முன்னாடி உறுதி பண்ணிக்கோங்க, இது வெல்வெட் (இதைவிட வேகமா கொல்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய்) இல்லையே? புள்ளி எண்ணக்கூடிய அளவுல உப்புக்கல் மாதிரி இருந்தா இக். மாவு தூவுன மாதிரி பொடிப்பொடியா, லைட்டுல சாய்ச்சுப் பாத்தா தங்க நிறமா தெரிஞ்சா, மீன் வெளிச்சத்துக்குப் பயந்து ஒளிஞ்சு பவர்ஹெட் மோட்டார் தண்ணி அடிக்கற இடத்துல போய் நின்னு மூச்சு வாங்குச்சுன்னா அது வெல்வெட், அதுக்கு மூணு நாலு நாள்தான் அவகாசம், இங்க கேட்டுட்டே உக்காந்திருக்க நேரம் இல்ல. என் வீட்டுல அப்படித்தான் ஒரே வாரத்துல ஆறு மீன் போச்சு, ரெண்டாவது நாளே நான் காப்பர் ஆரம்பிச்சிருந்தா பாதியாவது பொழைச்சிருக்கும்னு இன்னைக்கும் மனசு கேக்குது.

அடையாறு ரீஃப்

வெல்வெட் இல்லண்ணா, புள்ளி தனித்தனியா எண்ணலாம், டாங் மேல முப்பது நாப்பது இருக்கும், சாப்பாடும் நல்லா எடுக்குது.

காப்பர் பாட்டில்ல போட்டிருந்த மாதிரி சொட்டு எண்ணித்தான் போட்டேன், டெஸ்ட் கிட் இல்ல. டப்புல மீன் ஒளிஞ்சுக்கட்டும்னு பழைய லைவ் ராக் (தொட்டிப் பாறை) ரெண்டு துண்டு வச்சிருந்தேன். இப்போ படிக்கும்போது அது தப்புன்னு புரியுது. இன்னொண்ணும் சொல்லணும், அப்போ எல்லா மீனையும் எடுத்தேன், ஆனா ஒரு வாட்ச்மேன் கோபி மீன் மட்டும் பிஸ்டல் இறாலோட பாறைக்கு அடியில பொந்துல இருக்கு, அதைப் புடிக்கவே முடியல. அது மேல ஒரு நாளும் ஒரு புள்ளிகூட இருந்தது இல்ல, அதனால விட்டுட்டேன். அதனால ஏதாவது ஆயிருக்குமா?

கோவை உப்புத்தண்ணி

அந்த கோபிதான் ப்ரோ. உங்க தொட்டி 40 நாள் காலியாவே இல்ல. ஒரே ஒரு மீன் இருந்தாலும் அந்த ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு இருக்குன்னு அர்த்தம். ஒரு தடவை வந்து தப்பிச்ச மீனுக்குக் கொஞ்ச காலம் எதிர்ப்பு சக்தி இருக்கும், தோல்ல புள்ளி தெரியாது, ஆனா செவுளுக்குள்ள ரெண்டு மூணு உக்காந்து பரம்பரையை ஓட்டிட்டே இருக்கும், நம்ம கண்ணுக்கு அது ஆரோக்கியமான மீன்.

கோபியைப் புடிக்க ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை எடுத்துக் கழுத்துக்குக் கீழ வெட்டி, கழுத்தைத் தலைகீழா உள்ள சொருகி, உள்ள கொஞ்சம் மைசிஸ் (குட்டி இறால் தீனி) போட்டுப் பொந்து வாசல்ல படுக்க வைங்க. ரெண்டு நாள் வேற சாப்பாடு போடாதீங்க. லைட் அணைச்சதும் வரும். வரலன்னா பாறையைக் கலைக்கத்தான் வேணும், வலிக்கும், ஆனா வேற வழி இல்ல.

இப்போ தனித் தொட்டி. மணல் வேண்டாம், பாறை வேண்டாம், ஒளியறதுக்கு ஹார்ட்வேர் கடையில பிவிசி எல்போ வாங்கிப் போடுங்க போதும். டாங் இருக்கறதால 40 கேலனாவது இருக்கட்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், நல்ல ஏர் பம்ப். கரண்ட் போனா தாங்கற மாதிரி பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு தயாரா வைங்க, காப்பர்ல இருக்கற மீனுக்குக் காத்து கொஞ்ச நேரம் நின்னாலும் ஆகாது. செலேட்டட் காப்பர்னா 2.25ல இருந்து 2.5 பிபிஎம், அயானிக் வகைன்னா 0.5, ரெண்டையும் குழப்பிக்காதீங்க, பாட்டில்ல எந்த வகைன்னு பாருங்க. ஒரே நாள்ல முழு அளவுக்குப் போகாம நாலஞ்சு நாள்ல ஏத்துங்க, முக்கியமா கோரல் பியூட்டிக்காக, அந்த மாதிரி குட்டி ஏஞ்சல் மீனுங்களுக்குக் காப்பர் கொஞ்சம் சேராது. முழு அளவு தொட்ட நாள்ல இருந்து 30 நாள் எண்ணணும், நடுவுல ஒரு நாள் அளவு இறங்கினாலும் மறுபடி ஒண்ணுல இருந்து. ஹன்னா கம்பெனியோட ஹை ரேஞ்ச் காப்பர் செக்கர் (அளவு காட்டுற மீட்டர்) விலை அதிகம்தான், ஆனா நிறம் பாத்து ஊகிக்கற கிட்டை நம்பி நானே ஒரு தடவை ஏமாந்தேன், யாரோடயாவது பங்கு போட்டு வாங்கினாலும் பரவாயில்ல. தண்ணி மாத்தும்போது புதுத் தண்ணியிலயும் அதே அளவு காப்பர் முன்கூட்டியே கலந்திருக்கணும்.

அம்மோனியா ஏறுச்சுன்னா உடனே அந்த அம்மோனியா அடக்கற கண்டிஷனரை ஊத்திராதீங்க, காப்பரோட சேர்ந்தா மீனுக்கே விஷமாயிரும். தண்ணி மாத்துங்க, அவ்வளவுதான் வழி.

தூத்துக்குடி கடல்தொட்டி

நான் காப்பர் பக்கமே போகல, க்ளௌன் ரெண்டுக்கும் தொட்டி மாத்துற முறைதான் பண்ணேன். ரெண்டு 40 லிட்டர் டப், ரெண்டு செட் ஏர் ஸ்டோன், ஹீட்டர். ஒவ்வொரு 72 மணி நேரத்துக்கும் மீனை மட்டும் புது டப்புக்கு மாத்தணும், பழைய தண்ணி முடிஞ்ச அளவு கூட வரக்கூடாது, மொத்தம் நாலு தடவை, 12 நாள்ல முடிஞ்சுது. மீன்ல இருந்து இறங்குன கூடு பொரிக்கறதுக்குள்ள மீன் அங்க இருக்காது, அதுதான் கணக்கு. பழைய டப்பையும் சாமானையும் கழுவி வெயில்ல நல்லாக் காயப்போட்டுருவேன், எங்க ஊரு வெயிலுக்கு ஒரு பகல் போதும். உப்புதான் செலவு, 40 லிட்டருக்கு ஒன்றரை கிலோ பக்கம் போகும் ஒவ்வொரு தடவையும். வெல்வெட்டுக்கு இது ஆகாது. பெரிய டாங்குக்கு 40 லிட்டர் பத்தாது, அதை 12 நாள்ல நாலு தடவை வலையில புடிச்சா பயத்துலயே சோர்ந்துரும், அதனால அடையாறு தம்பிக்குக் காப்பர்தான் சரின்னு எனக்கும் படுது.

உப்பைக் குறைக்கற முறையும் இருக்கு, உப்பு அடர்த்தி 1.009ல 30 நாள், ரெஃப்ராக்டோமீட்டர் (உப்பு அளக்கற கருவி) சரியா காட்டுதான்னு தெரியணும், 1.011ல நின்னா பலன் இல்ல, பிஹெச் இறங்காம பாத்துக்கணும். முடிஞ்சதும் உப்பை மெதுவா பல நாள்ல ஏத்தணும்.

அடையாறு ரீஃப்

அண்ணன்களுக்கு ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி பதினொண்ணு மணிக்கு கோபி பாட்டில்ல மாட்டுச்சு!! நாலு பிவிசி எல்போ, 150 லிட்டர் பழைய தொட்டி தயார், செக்கர் ஒரு நண்பர்கிட்ட வாங்கிட்டேன், இன்னைக்குக் காலையில 0.8 காட்டுது, செலேட்டட்தான், மெதுவா ஏத்துறேன். எல்லா மீனும் சாப்பிடுது. காலண்டர்ல இன்னைக்கு முதல் நாள்னு எழுதி 76ஐ வட்டம் போட்டுட்டேன்.

ஒரு சந்தேகம், போன மாசம் ஒரு நண்பர் தொட்டியில இருந்து அந்த ஹேமர் துண்டு வாங்கினேன். கோரல்ல ஒட்டுண்ணி வராதுதானே?

சிங்கை மீன்

கோரலை அது தின்னாது, ஆனா கோரல் ஒட்டியிருக்கற கல்லுல, நத்தை ஓட்டுல, ஹெர்மிட் நண்டு ஓட்டுல கூடு ஒட்டிக்கிட்டு வரும். மீன் இருக்கற தொட்டியில இருந்து வந்த எந்தக் கல்லும் அப்படித்தான். அதனால இந்த 76 நாள்ல பெரிய தொட்டிக்குள்ள புதுசா ஒரு துண்டுகூடப் போடாதீங்க, போட்டா அன்னைக்கு மறுபடி முதல் நாள். போன மாசம் வந்த ஹேமர் ஏற்கெனவே உள்ளதான் இருக்கு, அதுவும் இந்தக் கணக்கோடயே சுத்தமாயிரும்.

ரெண்டு தொட்டிக்கும் ஒரே வலை, ஒரே துணி, ஈரக் கை வேண்டாம். தனித் தொட்டியைப் பத்தடி தள்ளி, முடிஞ்சா வேற ரூம்ல வைங்க. வெல்வெட் குஞ்சு தண்ணித் துளியோட காத்துல மூணு மீட்டர் வரைக்கும் போகும்னு 2006ல ஒரு ஆய்வு வந்துச்சு, இக்குக்கும் அந்த ஜாக்கிரதை நல்லதுதான். க்ளீனர் இறாலுக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு சிட்டிகை மைசிஸ் மறக்காம போடுங்க, மீன் இல்லன்னா அதுங்களுக்கு மிச்சம் மீதி எதுவும் கிடைக்காது. முழு அளவு எட்டினதும் டாங் சாப்பிடுதான்னு இங்க ஒரு வரி போடுங்க.