தமிழ் எழுத்து ஆப்: ப்ளே ஸ்டோர்ல எந்த வயசை டிக் பண்றது?

பல்பம்:

வணக்கம் மக்களே. சின்னப் பசங்க தமிழ் எழுத்து எழுதிப் பழகற ஆப் ஒண்ணு பண்ணிட்டு இருக்கேன், விரலால அ, ஆ மேல இழுத்துட்டுப் போனா கோடு நிரம்பும், சுழி சரியா வந்தா ஒரு சத்தம், அவ்ளோதான். 247 எழுத்தையும் மொத்தமா கொட்டாம உயிர், மெய், அப்புறம் க வரிசை, ச வரிசைன்னு ஒண்ணொண்ணா திறக்கற மாதிரி வெச்சிருக்கேன். கோட்லின்ல எழுதினது. கீழ ஆட்மாப் (கூகுளோட விளம்பர சேவை) பேனர் ஒண்ணு, ஒரு வரிசை முடிஞ்சா ஃபுல் ஸ்க்ரீன் விளம்பரம் ஒண்ணு, ஆப்பை எப்படி யூஸ் பண்றாங்கன்னு கணக்கெடுக்கற ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸும் இருக்கு.

ஆப்பை ஸ்டோர்ல ஏத்தற ப்ளே கன்சோல்ல, யாருக்கான ஆப்னு கேக்கற டார்கெட் ஆடியன்ஸ் பக்கத்துல வந்து நிக்கறேன். 5 வயசும் அதுக்குக் கீழயும், 6-8, 9-12, 13-15, 16-17, 18க்கு மேலன்னு ஆறு பெட்டி இருக்கு. யூஸ் பண்ணப்போறது எல்கேஜில இருந்து ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் உள்ள பசங்கதான், ஆனா வெளியூர்ல வளந்துட்டு இப்ப தமிழ் கத்துக்கற பெரியவங்களும் யூஸ் பண்ணலாம் இல்லையா, அதனால ஆறையும் டிக் பண்ணிடலாமா? டிக் பண்ணப் பண்ண புதுசு புதுசா கேள்வி வேற வருது.

அப்புறம் அட்வர்டைசிங் ஐடி (விளம்பரத்துக்காக போனை அடையாளம் காட்டற ஐடி) யூஸ் பண்றியான்னு கேட்டதுக்கு இல்லன்னு போட்டேன். ஆப் பண்டிலை ஏத்தினா, மேனிஃபெஸ்ட்ல (ஆப்புக்கு என்னென்ன பர்மிஷன் வேணும்னு எழுதற ஃபைல்) அந்த ஐடியை எடுக்கற ஏடி_ஐடி பர்மிஷன் இருக்கே, நீ சொன்னதுக்கும் இதுக்கும் ஒத்து வரலையேன்னு காட்டுது. நான் எழுதின மேனிஃபெஸ்ட்ல அந்த வரியே கிடையாது, எங்க இருந்து வருதுன்னு தெரியல.

கடைசியா ஒண்ணு, பசங்க ஆப்ல விளம்பரம் வெச்சா காசு ஏதாச்சும் தேறுமா?

வெட்டிஆபீசர்:

ப்ரோ எதுக்கு இவ்ளோ டென்ஷன், 13க்கு மேலன்னு மட்டும் டிக் பண்ணிட்டு போயிட்டே இருங்க. பசங்க ஆப்புக்குன்னு கூகுள் போட்ட ஃபேமிலி பாலிசி, சர்ட்டிஃபைட் எஸ்டிகே (ஆப்ல சேக்கற ரெடிமேட் லைப்ரரி) எந்தத் தொல்லையும் இல்ல. போன் அப்பா அம்மாவோடது, அக்கவுன்ட்டும் அவங்களோடது, யாரு வந்து பாக்கப் போறா.

விளாங்குடி:

மேல சொன்னதைச் செஞ்சிராதீங்க. ஸ்டோர்ல டிக் பண்ணதை மட்டும் பாக்க மாட்டாங்க, ஐகான், ஸ்க்ரீன்ஷாட், விவரிப்புல எழுதினது எல்லாத்தையும் பாப்பாங்க. ஐகான்ல கண்ணு முழிச்ச யானைக்குட்டி, விவரிப்புல 'உங்க குட்டீஸ் விளையாடிக்கிட்டே கத்துக்க', இதுக்கு 13+னு போட்டா ரிவியூல உக்காந்திருக்கறவங்களுக்கு தெரியாதா? 'குழந்தைகளுக்காக வடிவமைக்கப்பட்டது அல்ல'ங்கற மாதிரி ஒரு லேபிளை ஸ்டோர் பக்கத்துல அவங்களே ஒட்டறதும் உண்டு. எழுத்துப் பழகற ஆப்ல அப்படி ஒரு லேபிள் இருந்தா எந்த அம்மா இன்ஸ்டால் பண்ணுவாங்க?

முன்னாடி, அதாவது 2015ல 'டிசைன்ட் ஃபார் ஃபேமிலிஸ்'னு பசங்க ஆப்புக்கான ப்ரோக்ராமை கூகுள் ஆரம்பிச்சப்போ, விருப்பம் இருந்தா சேரலாம்னு இருந்துச்சு. 2019ல அதை மாத்திட்டாங்க. யாரா இருந்தாலும் டார்கெட் வயசைச் சொல்லியே ஆகணும், அதுல 13க்குக் கீழ ஒரு பெட்டி டிக் ஆனாலும் ஃபேமிலிஸ் பாலிசி கட்டாயம். ஏற்கனவே ஸ்டோர்ல இருந்த ஆப்களுக்கு 2019 செப்டம்பர் 1ன்னு கெடு குடுத்தாங்க. அதனால பழைய யூட்யூப் வீடியோவைப் பாத்துட்டு ஃபேமிலி ப்ரோக்ராம்ல சேரலாமா வேணாமான்னு யோசிக்கறவங்களுக்கு சொல்றேன், இப்ப அந்த சாய்ஸே கிடையாது.

ஆறு பெட்டி விஷயத்துக்கு வரேன். எல்லாத்தையும் டிக் பண்ணா அது கலப்பு ஆடியன்ஸ். பெரியவங்களுக்கு சாதா விளம்பரம், பசங்களுக்கு தனி விளம்பரம்னு பிரிக்கணும்னா நடுநிலையா வயசு கேக்கற ஸ்க்ரீன் வைக்கணும். 'நீ 13 வயசுக்கு மேலயா, ஆமா / இல்ல'ன்னு ரெண்டு பட்டன் வெச்சா அது நடுநிலை இல்ல, எந்தப் பையனும் ஆமாவைத்தான் அமுக்குவான். பிறந்த வருஷத்தைக் கேக்கணும், உருட்டற சக்கரம் 2000ல வந்து நிக்கற மாதிரி முன்னாடியே செட் பண்ணி வைக்கக் கூடாது, எந்த வயசைச் சொன்னா என்ன கிடைக்கும்னு துப்பும் குடுக்கக் கூடாது, சின்ன வயசைப் போட்டவன் உடனே பேக் அடிச்சு வேற வருஷம் போட முடியாத மாதிரியும் இருக்கணும். அ ஆ எழுதற ஆப்புக்கு இதெல்லாம் தேவையா சொல்லுங்க. நாலு வயசுப் புள்ள முதல் ஸ்க்ரீன்லயே மாட்டிக்கும்.

என் கருத்து, 5க்குக் கீழயும் 6-8ம் மட்டும் டிக் பண்ணுங்க. வெளியூர்ப் பெரியவங்க யூஸ் பண்ணா பண்ணிட்டுப் போகட்டும், யாரும் தடுக்கப் போறதில்ல. அந்தப் பெட்டி கேக்கறது, நீ யாருக்காக செஞ்சங்கறதை.

பிக்சல்பாண்டி:

ஏடி_ஐடி எரருக்கு பதில். அது உங்க மேனிஃபெஸ்ட்ல இல்ல, நீங்க சேத்த லைப்ரரியோட மேனிஃபெஸ்ட்ல இருந்து வருது. பில்ட் ஆகும்போது எல்லாம் ஒண்ணாக் கலந்துரும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோல மேனிஃபெஸ்ட் ஃபைலைத் திறந்து கீழ பாருங்க, மெர்ஜ்ட் மேனிஃபெஸ்ட்னு ஒரு டேப் இருக்கும், அதுல அந்த பர்மிஷன் வரி மேல க்ளிக் பண்ணா எந்த லைப்ரரி கொண்டு வந்துச்சுன்னு வலது பக்கம் காட்டிரும். பெரும்பாலும் விளம்பர எஸ்டிகேதான், இல்லன்னா அனலிட்டிக்ஸ்.

தீர்வு சின்னது. உங்க மேனிஃபெஸ்ட்ல அதே ஏடி_ஐடி பர்மிஷனை நீங்களே ஒரு தடவை எழுதி, பக்கத்துல டூல்ஸ் நோட் ஈக்வல் டு ரிமூவ்னு போடுங்க. மேல டூல்ஸ் நேம்ஸ்பேஸ் வரி இருக்கான்னு பாத்துக்கங்க, அது இல்லாம பில்டே ஆகாது. அப்புறம் மறுபடி மெர்ஜ்ட் டேப்பைப் பாருங்க, போயிருக்கும். ஏபிஐ 33ம் (ஆண்ட்ராய்டு 13) அதுக்கு மேலயும் டார்கெட் பண்ற, பசங்களுக்கு மட்டுமான ஆப்ல அந்த பர்மிஷன் இருக்கவே கூடாதுன்னு பாலிசி, அதனால கன்சோல்ல நீங்க போட்ட 'இல்ல' சரியான பதில்தான், அதை மாத்தி எரரைச் சமாளிக்கப் பாக்காதீங்க. லொகேஷன் பர்மிஷனும் அதே மாதிரிதான், ஏதாச்சும் எஸ்டிகே கூடவே இழுத்துட்டு வந்திருக்கும், பாருங்க.

ஃபயர்பேஸ்லயும் விளம்பர ஐடி சேகரிப்பை ஆஃப் பண்ண மேனிஃபெஸ்ட்ல ஒரு மெட்டாடேட்டா வரி இருக்கு, அதை ஃபால்ஸ்னு போடுங்க, பர்சனலைசேஷன் சிக்னலுக்கு தனி வரி, அதையும் ஃபால்ஸ். ஆட்மாப்ல ரிக்வெஸ்ட் கான்ஃபிகரேஷன்ல சைல்ட் டைரக்டட் டேகை (இது பசங்களுக்கானதுன்னு சொல்றது) ட்ரூ பண்ணி, மேக்ஸ் ஆட் கன்டென்ட் ரேட்டிங்கை 'ஜி'ன்னு, அதாவது எல்லா வயசும் பாக்கலாம்னு வைங்க. இதை இனிஷியலைஸ் பண்றதுக்கு முன்னாடியே செய்யணும், முதல் விளம்பரம் வந்ததுக்கு அப்புறம் செட் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல.

மீடியேஷன், அதாவது பல கம்பெனி விளம்பரத்தை ஒண்ணா இழுக்கறது, வெச்சிருந்தீங்கன்னா தலைவலி. கூகுள் ஒரு பட்டியல் வெச்சிருக்கு, ஃபேமிலிஸ் செல்ஃப் சர்ட்டிஃபைட் ஆட்ஸ் எஸ்டிகேன்னு, அதுல இருக்கறதுதான் பசங்களுக்கு விளம்பரம் காட்டலாம், எந்த வெர்ஷன்ங்கறதும் கணக்கு. கம்பெனி பேர் லிஸ்ட்ல இருக்குன்னு பழைய வெர்ஷனை வெச்சிட்டு இருந்தா செல்லாது.

ரெண்டாங்கிளாஸ்_டீச்சர்:

நான் ப்ரோக்ராமர் இல்ல, அரசுப் பள்ளியில ரெண்டாம் வகுப்பு. கோடிங் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா கீழ பேனர்னு படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. பசங்க போன்ல எழுதும்போது உள்ளங்கையை ஸ்க்ரீன் மேல ஊணி வெச்சுட்டுத்தான் எழுதுவாங்க, சிலேட்டுல எழுதற பழக்கம் அது. கீழ விளம்பரம் இருந்தா ஒவ்வொரு எழுத்துக்கும் அது அமுங்கும், அப்புறம் எங்கயோ ஒரு ஷாப்பிங் பக்கம் திறந்து நிக்கும், புள்ள போனை எடுத்துட்டு வந்து 'மிஸ் இது என்ன'ன்னு கேக்கும். ஒரு ஆப்ல இதை நேர்ல பாத்திருக்கேன், பேர் வேணாம்.

கை ஊணினா கோடு உடைஞ்சு போற ஆப்பும் இருக்கு, விரல் ஒரு இடம் கை ஒரு இடம்னு ரெண்டு தொடுதல் ஆயிடுதாம். அதைக் கொஞ்சம் கவனிங்க தம்பி. அப்புறம் எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு ஒரு புள்ளி காட்டுங்க. ண-வுக்கு எத்தனை சுழி, ன-வுக்கு எத்தனைன்னு குழப்பிக்கற பசங்க வலது பக்கக் கோட்டுல இருந்து தலைகீழா எழுதி முடிச்சிருவாங்க, கடைசி உருவம் மட்டும் ஒத்துப் போனா உங்க ஆப் சபாஷ் சொல்லிடும், எழுதற முறை தப்பாவே பழகிடும். இன்னொண்ணு, 'அடுத்த வரிசைக்குச் செல்ல இங்கே தொடவும்'னு எழுதி வைக்காதீங்க, அதைப் படிக்கத் தெரிஞ்சா அவன் ஏன் உங்க ஆப்புக்கு வரான், குரல்ல சொல்லுங்க.

விளாங்குடி:

டீச்சர் சொன்ன பேனர் மேட்டர் பாலிசிக்கும் சம்பந்தப்பட்டதுதான். தெரியாம அமுங்கற மாதிரி விளம்பரம் வைக்கக் கூடாது. ஃபுல் ஸ்க்ரீன் விளம்பரம் 5 செகண்டுல மூட முடியணும், ஆப்பைத் திறந்த உடனே வரக் கூடாது, ஒரே பக்கத்துல ரெண்டு மூணு விளம்பரம் கூடாது, விளம்பரம் எது விளையாட்டு எதுன்னு புள்ளைக்குத் தெரியணும். வயசுக்குப் பொருத்தமில்லாத விளம்பரம் வந்தா எஸ்டிகே மேல பழி போட்டுத் தப்பிக்க முடியாது, பதில் சொல்ல வேண்டியது ஆப் போட்டவங்கதான்.

காசு தேறுமான்னு கேட்டீங்க. பசங்களுக்கு அவங்க விருப்பத்தைத் தொடர்ந்து பாத்துக் காட்டற விளம்பரம் தடை, ரீமார்க்கெட்டிங்கும் (முன்னாடி பாத்ததையே திரும்பத் துரத்திக் காட்டறது) தடை, மிச்சம் இருக்கறது ஆப் எதைப் பத்தினதுன்னு பாத்துக் காட்டற விளம்பரம் மட்டும், அதுக்கு ரேட் கம்மி. அதுவும் தமிழ்ல, நம்ம ஊர்லன்னா சொல்லவே வேணாம். நான் உங்க இடத்துல இருந்தா விளம்பரத்தையே தூக்கிட்டு உயிரெழுத்து இலவசம், மிச்சம் ஒரே தடவை காசு கட்டித் திறந்துக்கங்கன்னு வைப்பேன். வருஷத்துக்கு முதல் 10 லட்சம் டாலர் வருமானம் வரைக்கும் ப்ளே 15 சதவீதம்தான் எடுத்துக்கும். யுபிஐ இருக்கறதால நம்ம ஊர் அப்பா அம்மாவும் இப்ப சின்னத் தொகைன்னா கட்டறாங்க. விளம்பர எஸ்டிகே போச்சுன்னா ஏடி_ஐடி தொல்லையில பாதி தானா போயிடும், என்ன தகவல் எடுக்கறோம்னு ஸ்டோருக்குச் சொல்ற டேட்டா சேஃப்டி ஃபார்மும் சுருங்கிடும்.

வெட்டிஆபீசர்:

அப்ப கொஞ்சம் ஓவராத்தான் போறாங்க. ஒரு சின்ன டெவலப்பர், ஒரு சின்ன ஆப், இவ்ளோ பேப்பர் வேலையா?

சட்டாம்பிள்ளை:

கூகுளுக்காக மட்டும் இல்லைங்க, பின்னாடி சட்டம் இருக்கு. அமெரிக்காவுல கோப்பா, 1998ல வந்தது, 13 வயசுக்குக் கீழ உள்ள பசங்களோட தகவலை பெத்தவங்க சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாதுன்னு. 2019ல யூட்யூப் விஷயத்துல கூகுள் 17 கோடி டாலர் கட்டிச்சு, ஸ்டோர்ல கெடுபிடி எல்லாம் எந்த வருஷம் ஏறிச்சுன்னு மேல விளாங்குடி எழுதினதைப் பாருங்க. நம்ம நாட்டு 2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேல, அதுல குழந்தைன்னா 18 வயசுக்குக் கீழ. உறுதிப்படுத்தக்கூடிய பெற்றோர் சம்மதம் வேணும், பசங்களைப் பின்தொடர்றதும் குறிவெச்சு விளம்பரம் காட்டறதும் கூடாது, மீறினா 200 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம்னு போட்டிருக்காங்க. அதனால 13+னு போட்டா தப்பிச்சோம்ங்கற கணக்கு இங்க வேலைக்கே ஆகாது.

ஒரு கேள்வி பல்பம், பின்னாடி உச்சரிப்புப் பயிற்சி, ழ சொல்லிக் காட்டுன்னு மைக் வைக்கற எண்ணம் இருக்கா? குழந்தையோட குரலும் தனிப்பட்ட தகவல்தான். போனுக்குள்ளயே கேட்டு அங்கயே அழிச்சிட்டா ஒரு கதை, சர்வருக்கு அனுப்பினா வேற கதை.

ஆப்பிள்தோட்டம்:

ஐபேடுக்கும் போடுவீங்கன்னா ரெண்டு வரி. அங்க கிட்ஸ் பிரிவுல 5க்குக் கீழ, 6-8, 9-11னு மூணே வயசுப் பிரிவு. வெளி லிங்க், வாங்கற பட்டன் எல்லாம் பேரன்டல் கேட் (பெரியவங்கதானான்னு பாக்கற ஸ்க்ரீன்) பின்னாடி இருக்கணும், 7 பெருக்கல் 8 எவ்ளோன்னு கேக்கறாங்களே அது. வெளி ஆளோட அனலிட்டிக்ஸும் விளம்பரமும் கிட்டத்தட்ட கிடையாதுன்னு வெச்சுக்கங்க. ஒரு தடவை கிட்ஸ்ல சேத்துட்டா அப்புறம் பிரிவை மாத்தினாலும் அடுத்தடுத்த அப்டேட்லயும் அதே விதிதான், யோசிச்சு சேருங்க. வருஷத்துக்கு 99 டாலர் வேற. ப்ளேல 25 டாலர், அதுவும் ஒரே தடவை. ப்ளேல பேரன்டல் கேட் கேக்கலன்னாலும் வாங்கற பட்டனுக்கு முன்னாடி வைங்க.

பல்பம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெர்ஜ்ட் டேப்ல பாத்தேன், பாண்டி அண்ணே சொன்ன மாதிரி ரெண்டு லைப்ரரியும் ஆளுக்கு ஒரு தடவை கொண்டு வந்திருக்கு. ரிமூவ் போட்டதும் எரர் போயிடுச்சு. ஆனா இப்ப விளம்பரத்தையே எடுத்துடலாம்னு இருக்கேன், டீச்சர் சொன்னதைப் படிச்சதுக்கு அப்புறம் பேனரை வெக்க மனசு வரல. உள்ளங்கையைக் கண்டுபிடிக்க முதல்ல பட்ட விரலோட ஐடியை மட்டும் பிடிச்சு வெச்சுட்டு மத்ததை விட்டுடலாம்னு பாத்தா, சில புள்ளைங்க கையைத்தான் முதல்ல வைக்குது. தொடுதலோட அளவை வெச்சு பிரிக்கணும் போல, சில போன்ல அந்த அளவு சரியாவே வராது. மைக் இப்போதைக்கு இல்ல சார்.

டீச்சர் அப்ரூவ்ட் பேட்ஜ்னு ஒண்ணு இருக்கே, அது கிடைக்குமா?

விளாங்குடி:

அது 2020ல வந்தது, ஆசிரியர்களும் குழந்தைகள் துறை நிபுணர்களும் பாத்து குடுக்கறது. வயசுக்குப் பொருத்தமா, கத்துக்க ஏதாச்சும் இருக்கா, பசங்களுக்குப் பிடிக்குதான்னு பாப்பாங்க, காசு கொடுத்து வாங்க முடியாது. முதல்ல ஆப் ஸ்டோருக்கு வரட்டும். உங்க அக்கவுன்ட் தனிநபர் அக்கவுன்டா? 2023 நவம்பர் 13க்கு அப்புறம் திறந்ததுன்னா 12 டெஸ்டர் தொடர்ந்து 14 நாள் க்ளோஸ்ட் டெஸ்டிங்ல (நீங்க கூப்பிட்டவங்க மட்டும் யூஸ் பண்ணிப் பாக்கற சோதனை) இருக்கணும், அதுக்கு அப்புறம்தான் ஸ்டோர்ல எல்லாருக்கும் விடற ப்ரொடக்‌ஷனுக்கு அப்ளை பண்ணவே முடியும். சித்தி, மாமா, பக்கத்து வீடுன்னு ஆள் பிடிக்க ஆரம்பிங்க, நடுவுல யாரும் கழண்டுக்காம பாத்துக்கங்க.

பல்பம்:

ஆமா புது அக்கவுன்ட்தான். வீட்டுல எண்ணிப் பாத்தா எட்டு பேர் தேறுவாங்க, அதுல பாட்டிக்கு பட்டன் போன்.

ரெண்டாங்கிளாஸ்_டீச்சர்:

என்னைச் சேத்துக்கங்க தம்பி, எங்க ஸ்டாஃப் ரூம்ல இன்னும் மூணு பேரைக் கேட்டுச் சொல்றேன். ண-வுக்கு ஆரம்பப் புள்ளி வெச்சுட்டு அனுப்புங்க.